தூத்துக்குடி உணவுகளும் அவற்றின் வரலாறும்

முன்னுரை

தூத்துக்குடிக்குப் போய் வந்தவரிடம் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி, "மக்ரூன் வாங்கி வந்தீர்களா?" என்பதுதான். அந்த மக்ரூன் எப்படி வந்தது என்று கேட்டால், "போர்த்துக்கீசியர் கொடுத்துவிட்டுப் போனது" என்று தயங்காமல் பதில் வரும். மாணவர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள். இந்தப் பதில் பாதி உண்மை. மீதிப் பாதியைத் தேடினால், நானூறு ஆண்டுக் கடல் வணிகமும் பல சமூகங்களின் உழைப்பும் கண்ணுக்குத் தெரியும். தூத்துக்குடிக்கு இரண்டு நாள் பயணமாகச் செல்வோர் சுவைத்துப் பார்க்க வேண்டிய உணவுகளையும், அவை ஒவ்வொன்றின் பின்னால் உள்ள வரலாற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

நகரும் கடலும்

மன்னார் வளைகுடாவின் கரையில் அமைந்த தூத்துக்குடி, முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற கடற்கரையின் முக்கிய நகரம். இதற்கு முன்பு இக்கடற்கரையில் சிறப்புற்றிருந்த துறைமுகங்கள் இரண்டு. ஒன்று, சங்க காலப் பாண்டியரின் கொற்கை. தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த வண்டலால் கடல் விலகிப் போனதால், கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே ஒரு சிற்றூராக இருக்கிறது. மற்றொன்று காயல். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ இத்துறைமுகத்தின் குதிரை வணிகத்தைக் குறித்து எழுதியிருக்கிறார். இவற்றின் சிறப்பு மங்கிய பிறகு தூத்துக்குடி வளர்ந்தது.

போர்த்துக்கீசியர் பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இக்கரைக்கு வந்தனர். முத்துக்குளிப்பு உரிமை பற்றிய பூசலில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடிய பரதவர்கள் 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் பெருந்திரளாகக் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினர். புனித பிரான்சிஸ் சவேரியார் 1542இல் இங்கு வந்தார். 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். 1825இல் நகரம் நிலையாக ஆங்கிலேயர் வசம் சென்றது. இந்த ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொண்டால், பின்வரும் செய்திகளைப் புரிந்துகொள்வது எளிது.

மக்ரூன்: ஒரு கதையைச் சோதித்தல்

மக்ரூனுக்கு வேண்டிய பொருள்கள் மூன்றே. முட்டையின் வெள்ளைக்கரு, சீனி, முந்திரிப்பருப்பு. வெள்ளைக்கருவை நுரை நன்றாக எழும்பி நிற்கும்வரை அடிக்க வேண்டும். சீனியைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். பொடித்த முந்திரியை நுரை அமுங்காமல் கலந்து, கூம்பு வடிவில் தட்டில் வைத்து, மிதமான சூட்டில் நெடுநேரம் விட வேண்டும். விறகு அடுப்பு உள்ள பேக்கரிகளில் ரொட்டி வேலை முடிந்தபின் எஞ்சும் சூடே இதற்குப் போதும். மஞ்சள் கருவின் ஒரு துளி கலந்தாலும், பாத்திரத்தில் எண்ணெய்ப் பசை இருந்தாலும் நுரை எழும்பாது. ஆகவே பார்ப்பதற்கு எளிதாகத் தெரிந்தாலும் இது கைப்பழக்கம் கேட்கும் வேலை.

இதைப் போர்த்துக்கீசியர் தந்தார்களா? இக்கேள்விக்கு மூன்று வழிகளில் விடை தேடலாம்.

முதலாவது, பொருள். முந்திரி மரத்தின் தாயகம் பிரேசில். அதை இந்தியாவின் மேற்குக் கரைக்குக் கொண்டு வந்தவர்கள் போர்த்துக்கீசியர். மலையாளத்தில் இம்மரத்திற்குப் 'பறங்கி மாவு' என்று பெயர் இருப்பதே இதற்குச் சான்று. பறங்கி என்றால் ஐரோப்பியர், மாவு என்றால் மாமரம். ஐரோப்பாவில் பாதாம்பருப்பு இட்டுச் செய்த பண்டத்தை இங்கே முந்திரி இட்டுச் செய்தனர். கொல்லம் போன்ற முந்திரி வணிக மையங்கள் அருகில் இருந்ததும் வசதியாயிற்று. எனவே பொருளைப் பொறுத்தவரை போர்த்துக்கீசியரின் பங்கு உறுதி.

இரண்டாவது, பெயர். தமிழில் கலந்த போர்த்துக்கீசியச் சொற்களை நாம் அறிவோம். சாவி, அலமாரி, ஜன்னல், மேசை, பாதிரி, பீப்பாய், அன்னாசி ஆகியவை அவற்றுள் சில. இவை போர்த்துக்கீசிய ஒலியை ஒட்டியே தமிழுக்கு வந்தவை. மக்ரூன் என்பது இந்த வரிசையில் சேராது. இத்தாலிய மொழியில் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற்குச் சென்ற சொல்லின் ஆங்கில வடிவமே நம்மிடம் உள்ளது. போர்த்துக்கீசிய மொழியில் இதற்கு இனமான சொல் மாவில் செய்த மக்ரோனியையே குறிக்கிறது. ஆகவே பெயர் ஆங்கிலேயர் காலத்தில், அதாவது 1825க்குப் பிறகு வந்தது என்று கொள்வதே பொருந்தும்.

மூன்றாவது, தொழில். மக்ரூன் வெண்மையாக வர வேண்டுமானால் வெள்ளைச் சீனி வேண்டும். கருப்பட்டியும் வெல்லமும் உதவாது. வெள்ளைச் சீனி சாதாரண மக்களுக்கு எட்டும் விலையில் கிடைத்தது ஆலைகள் பெருகிய பிற்காலத்தில்தான். அது போலவே, பேக்கரி என்னும் கடை முறையும் கப்பல் போக்குவரத்தோடு வளர்ந்தது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நீராவிக் கப்பல்கள் ஓடின. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு தனுஷ்கோடி வழி ஏற்படும் வரை, சென்னையிலிருந்து இலங்கை செல்லும் பயணிகள் ரயிலில் தூத்துக்குடி வந்து கப்பல் ஏறினர். வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கியதும் இந்தக் கொழும்பு வழியில் ஆங்கிலேயக் கம்பெனியோடு போட்டியிடத்தான். ஆள்களும் சரக்குகளும் அன்றாடம் போய் வந்த வழியில் சமையல் பழக்கங்களும் போய் வந்தன.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நிதானமான ஒரு முடிவுக்கு வரலாம். முந்திரி போர்த்துக்கீசியர் வழி வந்தது. பெயர் ஆங்கிலேயர் வழி வந்தது. ஆனால் பாதாமை விட்டு முந்திரியைப் பிடித்து, கூம்பு வடிவம் தந்து, விறகு அடுப்பின் மிச்சச் சூட்டில் பதம் கண்டுபிடித்தவர்கள் தூத்துக்குடியின் பேக்கரித் தொழிலாளர்கள். மின்விசைக் கருவி வருமுன் மணிக்கணக்கில் கையால் நுரை அடித்தவர்கள் அவர்களே. முழுப் பெருமையையும் வெளிநாட்டாருக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், இந்தக் கைகளுக்குப் பங்கில்லாமல் போகிறது. உணவு வரலாற்றை எழுதும்போது நாம் அடிக்கடி செய்யும் தவறு இது.

வாங்குவோருக்கு ஒரு குறிப்பு: மக்ரூன் காற்றின் ஈரத்தை விரைவில் உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து எடுத்து வர வேண்டும்.

பரோட்டாவும் சால்னாவும்

மாலை மயங்கியதும் தூத்துக்குடித் தெருக்களில் பரோட்டாக் கல் சூடேறத் தொடங்கும். இக்கடைகளை இவ்வூர் மக்கள் 'நைட் கிளப்' என்று அழைப்பார்கள். புதிதாக வருவோர் இதைக் கேட்டுத் திகைப்பதுண்டு. முன்பு தமிழகத்தில் சிற்றுண்டிச் சாலைகளுக்குக் 'காபி கிளப்' என்று பெயர் இருந்தது. பகலில் காபி கிளப், இரவில் நைட் கிளப். அந்தப் பழைய வழக்கு மற்ற ஊர்களில் மறைந்துவிட, இங்கே உயிரோடு இருக்கிறது.

பரோட்டா இப்பகுதிக்குத் தொன்மையான உணவு அன்று. கோதுமை இங்கு விளைவதில்லை. இரண்டாம் உலகப் போரில் 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டு முறை வந்தது, கோதுமை உணவைப் பழகும்படி மக்கள் வற்புறுத்தப்பட்டனர். 1950களிலும் 1960களிலும் அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக இந்தியாவுக்கு வந்தது. தென்மாவட்டங்களில் மைதா உணவு பரவியதற்கு இதுவே பின்புலம். துறைமுகத்திலும் ஆலைகளிலும் பொழுது சாயும்வரை உழைத்தவர்களுக்குக் குறைந்த செலவில் வயிறு நிறைக்கும் உணவாக அது நிலைத்தது. எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்த பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி, ஊறவிட்டு உண்பது இப்பக்கத்து முறை.

மீனும் மாசியும்

கடற்கரை நகரில் மீன் குழம்பைச் சொல்லாமல் விட முடியாது. குழம்பின் காரத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் மூலம் வந்தது. அதற்கு முன் காரம் என்றால் மிளகுதான். புதிய காய்க்கு 'மிளகாய்' என்று பெயரிட்ட தமிழர், பழைய மிளகை அந்தச் சொல்லுக்குள்ளேயே பத்திரப்படுத்தி வைத்தனர்.

இங்கு அவசியம் சுவைத்துப் பார்க்க வேண்டியது மாசி. சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, மரக்கட்டை போல இறுகும்வரை உலர்த்தியதே மாசி. இது மாலத்தீவிலும் இலட்சத்தீவின் மினிக்காய்த் தீவிலும் செய்யப்படுவது. தூத்துக்குடியின் தோணிகள் அத்தீவுகளுக்குக் காய்கறியும் கட்டுமானப் பொருள்களும் ஏற்றிச் செல்லும் வழக்கம் நீண்ட காலமாக உண்டு. அந்த உறவின் சுவைதான் மாசி. இடித்துத் தூளாக்கிய மாசியோடு தேங்காய், வெங்காயம், மிளகாய் சேர்த்துச் செய்யும் சம்பல் சோற்றுக்கு நல்ல துணை. இலங்கைச் சமையலிலும் இதே மாசிக்கு முக்கிய இடம் உண்டு.

வார இறுதியில் வருவோர் இரண்டு செய்திகளை அறிந்திருக்க வேண்டும். கத்தோலிக்க மீனவர்கள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. ஆகவே மீன் உணவைச் சனிக்கிழமையே முடித்துக்கொள்வது நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனம் பெருக்குவதற்காக விடப்படும் இக்காலத்தில் மீன் வரத்துக் குறைந்து விலை ஏறியிருக்கும்.

காயல்பட்டினத்துப் பந்தி

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் வழியில் உள்ளது காயல்பட்டினம். அரபு நாடுகளோடு கொண்ட வணிக உறவின் அடையாளம் இவ்வூரின் தெருக்களிலும் பள்ளிவாசல்களிலும் சமையலிலும் தெரிகிறது. திருமணப் பந்திகளில் நெய்ச்சோறும் களறிக் கறியும் பரிமாறப்படும். கூடவே கத்திரிக்காயும் மாங்காயும் சேர்த்த கூட்டு வரும். 'சஹன்' எனப்படும் பெரிய தட்டைச் சுற்றிப் பலர் அமர்ந்து ஒன்றாக உண்பது இங்குள்ள மரபு. செல்வரும் ஏழையும் ஒரே தட்டில் கை வைக்கும் வழக்கம் அது. விருந்துக்கு அழைப்பில்லாத பயணி மாலை நேரக் கடைகளில் கிடைக்கும் வாடாவையாவது சுவைத்துப் பார்க்கலாம்.

கருப்பட்டியும் உப்பும்

திருச்செந்தூரை அடுத்த உடன்குடியின் தேரிக்காட்டுப் பனைகள் இம்மாவட்டத்தின் இன்னொரு செல்வம். பனையேறி விடியுமுன் மரம் ஏறிப் பதநீர் இறக்குவார். கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருப்பதால் அது புளித்துக் கள்ளாக மாறாது. பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி இறுகவிட்டால் கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்றது. இம்மாவட்டத்தின் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு அதே தகுதி 2020இல் கிடைத்தது. கருப்பட்டிக் காபியும், சுக்கும் ஏலமும் சேர்த்த சில்லுக் கருப்பட்டியும் இப்பகுதியின் தனிச் சுவைகள். ஆனால் கருப்பட்டி என்ற பெயரில் சீனிப்பாகு கலந்ததும் விற்கப்படுகிறது. பனை ஏறுவோர் குறைந்து வருவதே இதற்கு முதற்காரணம். ஒரு நாளில் பலமுறை உயரம் ஏறி இறங்கும் உழைப்புக்கு ஏற்ற கூலி இல்லாததால் இளைஞர்கள் இத்தொழிலுக்கு வருவதில்லை.

உப்புக்கும் இதே கதைதான். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடத்தில் தமிழகம் உள்ளது. தமிழகத்து உப்பின் பெரும்பகுதி தூத்துக்குடி மாவட்டத்தில் விளைவது. வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும் என்பதால் தொழிலாளர்கள் இருட்டிலேயே அளத்தில் இறங்குகிறார்கள். உப்பின் வெண்மையில் எதிரொளிக்கும் வெயில் கண்ணைக் கெடுக்கிறது. உப்புநீர் பாதத்தை அரிக்கிறது. மழைக்காலத்தில் வேலையே இல்லை. நகருக்குள் நுழையும்போது சாலையோரம் தெரியும் வெள்ளைக் குவியல்களைப் படம் எடுக்கும் பயணிகள், அவற்றைக் குவித்தவர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டு நாள் பயணம்

சென்னையிலிருந்து முத்துநகர் விரைவு வண்டியில் இரவு கிளம்பினால் காலையில் தூத்துக்குடி வந்து சேரலாம். சனிக்கிழமை மதியம் மீன் குழம்புச் சாப்பாடு. மாலையில் பனிமய மாதா பேராலயம். 1713இல் கட்டி முடிக்கப்பட்ட இக்கோயிலின் திருவிழா ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 5ஆம் நாள் நிறைவுபெறும். இரவில் பரோட்டா. ஞாயிற்றுக்கிழமை காயல்பட்டினம், திருச்செந்தூர், உடன்குடி என்று ஒரு சுற்று வந்து, திரும்பும்போது மக்ரூனும் கருப்பட்டியும் வாங்கிக்கொள்ளலாம்.

முடிவுரை

முத்துக்காகத்தான் போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் இக்கரைக்கு வந்தார்கள். அந்த முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. வந்தவர்களும் போய்விட்டார்கள். உப்பும் கருவாடும் கருப்பட்டியும் இன்றும் ஊருக்குச் சோறு போடுகின்றன. பிரேசிலின் முந்திரியும் மிளகாயும், மாலத்தீவின் மாசியும், அரபு மரபின் சஹனும் ஒரே மாவட்டத்தின் அடுப்புகளில் சேர்ந்திருக்கின்றன. மாணவர்கள் ஒரு பண்டத்தின் வரலாற்றை எழுதும்போது, எங்கிருந்து வந்தது என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். அதை இங்கே ஆக்கியவர் யார், இன்று அவர் எப்படி வாழ்கிறார் என்பதையும் கேட்க வேண்டும். அப்போதுதான் அந்த வரலாறு முழுமை பெறும்.