இன்டெல் கணினிக்கு ஏஎம்டி64: ஒரு கோப்புப் பெயருக்கு உரை

மூலம்: டெபியன்-12.5.0-ஏஎம்டி64-நெட்இன்ஸ்ட்.ஐஎஸ்ஓ

அம்பாங் பெச்சா என்ற ஊர்ப் பெயருக்கு உரை எழுதத் தேவையில்லை. மலாயில் அம்பாங் என்றால் அணை, பெச்சா என்றால் உடைந்தது. 1883-இல் அணை உடைந்து பழைய கோலகுபுவை வெள்ளம் அடித்துக்கொண்டு போன கதை பெயரிலேயே இருக்கிறது. மேலே உள்ள கோப்புப் பெயரிலும் எல்லாம் இருக்கிறது. ஆனால் போன பள்ளி விடுமுறையில் பழைய மடிக்கணினியோடு வந்த பக்கத்து வீட்டுத் தம்பி அந்தப் பெயரின் நடுத்துண்டில் தடுக்கி விழுந்தான். "அண்ணே, நம்மளது இன்டெல் லா. ஏஎம்டி போட்டா ஓடுமா?"

'டெபியன்': 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய இலவச இயங்குதளம். காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் ஒட்டவைத்தார். '12.5.0': 2023 ஜூனில் வந்த 12-ஆம் பதிப்பின் ஐந்தாவது திருத்தம்.

'ஏஎம்டி64': ஏஎம்டி என்ற கம்பெனியின் பெயர்தான். ஆனால் இந்த இடத்தில் அது கம்பெனியைக் குறிக்காது, சில்லு பேசும் மொழியைக் குறிக்கும். பழைய சில்லுகள் நினைவகத்தின் ஒவ்வொரு இடத்துக்கும் 32 பிட்டில் எண் கொடுத்தன. தோட்டத்து லயத்தில் கதவு எண்ணுக்கு இரண்டு இலக்கம்தான் என்று சட்டம் போட்டால் 99-க்கு மேல் வீடு கட்ட முடியாது. அதுபோல 32 பிட்டுக்கு 4 ஜிபியோடு எண் தீர்ந்துவிடும். இலக்கத்தைக் கூட்ட வேண்டிய காலம் வந்தபோது இன்டெல் பழையதை நீட்டாமல், இட்டானியம் என்ற சில்லுக்குப் புது மொழியே படைத்தது. ஏஎம்டியோ பழைய மொழியையே 64 பிட்டுக்கு நீட்டி, 2003-இல் ஆப்டெரான் சில்லில் இறக்கியது. பழைய மென்பொருளும் அதில் அப்படியே ஓடியதால் சந்தை அந்தப் பக்கம் சாய்ந்தது. மறு ஆண்டே இன்டெலும் அதே மொழியைத் தன் சில்லுகளில் சேர்த்துக்கொண்டது. முதலில் செய்தவர் பெயரை டெபியன் வைத்துவிட்டது, அவ்வளவுதான். இரண்டு கம்பெனிகளும் எழுபதுகளின் தொடக்கத்தில் பினாங்கில் தொழிற்சாலை திறந்தவை. பங்காளிச் சண்டை நமக்குப் புதிதா என்ன!

ஆகவே கணினிமேல் ஒட்டிய கம்பெனி ஸ்டிக்கரைப் பார்க்காதே, தம்பி. விண்டோஸ் 10-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போ. 'சிஸ்டம் டைப்' என்ற வரி இருக்கும். அவன் கணினியில் அது '32-பிட் ஆபரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64-பேஸ்ட் புராசசர்' என்று காட்டியது. பலர் முன்பாதியைப் படித்துவிட்டு 32 பிட் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அது இப்போது உள்ளே ஓடும் விண்டோஸைப் பற்றிய செய்தி. சில்லைப் பற்றிப் பேசுவது பின்பாதி. எக்ஸ்64 என்றால் ஏஎம்டி64. ஏஆர்எம் என்று இருந்தால் மொழியே வேறு, அதற்கு ஏஆர்எம்64 கோப்பு.

பின்பாதியில் எக்ஸ்86 என்று வந்தால் ஐ386 கோப்பு வேண்டும். 2008-இல் வந்த ஆட்டம் என்270 போட்ட குட்டி நெட்புக்குகள் அந்த வகை. ஐ386 என்பது 1985-இல் வந்த சில்லின் பெயர், ஆனால் டெபியன் 12 அந்தச் சில்லில் ஓடவே ஓடாது. அணை போனபின்னும் ஊருக்குப் பெயர் நிற்கிறதே, அந்தக் கணக்கு. 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பில் ஐ386-க்கு நிறுவும் கோப்பே கிடையாது. பதிப்பு எண்ணைத் தனியே பார்த்து 'புதுசுதான் நல்லது' என்று இறக்கினால் இங்கேதான் மாட்டிக்கொள்வோம்.

2 ஜிபி நினைவகம் உள்ள பழைய கணினிக்கு 32 பிட்டே போதும், நினைவகம் மிச்சமாகும் என்பவர்கள் உண்டு. மிச்சமாவது உண்மைதான். ஆனாலும் சில்லுக்கு 64 தெரிந்தால் நான் 64-தான் போடுவேன். லினக்ஸில் 32 பிட்டுக்கு குரோம் தருவதை கூகுள் 2016-லேயே நிறுத்திவிட்டது. நினைவகத்தை மிச்சம் பிடித்துவிட்டு குரோமுக்கு எங்கே போவது?

'நெட்இன்ஸ்ட்': கோப்பு 600 எம்பி சொச்சம்தான். மீதியை நிறுவும்போதே இணையத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். கைப்பேசி டேட்டாவை நம்பியிருக்கும் வீட்டில் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

'ஐஎஸ்ஓ': குறுந்தட்டுக் காலத்து வடிவத்தின் பெயர். முழுத்தட்டின் அச்சு இது. தம்பி இதைப் பாட்டுக் கோப்பு மாதிரி பெண்ட்ரைவில் இழுத்துப் போட்டிருந்தான். கணினி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. ரூஃபஸ் என்ற சிறு மென்பொருளால் அதே பெண்ட்ரைவில் எழுதிக்கொடுத்தேன். அதிலிருந்த பாட்டெல்லாம் அழியும் என்று முதலிலேயே சொல்லித்தான் எழுதினேன்.