விளக்கும் குடமும்

1982ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி இலங்கை வாக்காளர் கையில் கொடுக்கப்பட்ட சீட்டில் அபேட்சகர் பெயர் ஒன்றேனும் இல்லை. விளக்கும் குடமும் ஆகிய இரு சின்னங்களே இருந்தன. நடப்புப் பாராளுமன்றம் தேர்தலின்றியே மேலும் ஆறாண்டுகள் நீடிக்கச் சம்மதிப்போர் விளக்குக்கும், மறுப்போர் குடத்துக்கும் புள்ளடியிட வேண்டும்.

இந்த விபரீதத்தின் வேர் 1970இல் இருக்கிறது. தொகுதியில் முந்தியவரே அங்கத்தினர் என்னும் பிரித்தானிய முறையின் விளைவாக, அவ்வாண்டுத் தேர்தலில் தனிக்கட்சிகளுள் மிகுதியான வாக்குகளைப் பெற்ற ஐக்கிய தேசியக் கட்சி 17 ஆசனங்களோடு ஒடுங்கி நிற்க, மொத்த வாக்குகளில் பாதியை எட்டாத ஐக்கிய முன்னணி 151இல் 116ஐக் கைக்கொண்டது. அந்தப் பலத்தால் 1972இல் பிறந்த யாப்பில், சிறுபான்மையோருக்குப் பழைய யாப்பின் 29ஆம் பிரிவு அளித்த பாதுகாப்பு இடம்பெறவில்லை. சபையின் ஆயுளோ 1977 வரை நீண்டது. தம் மக்கள் இவ்யாப்பை ஏற்கவில்லை என்று வாக்குச்சாவடியிலேயே நிரூபிக்க விரும்பிக் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்த தமிழர் தலைவர் செல்வநாயகம், அவ்விடைத்தேர்தலுக்காக 1975 பெப்ரவரி வரை காத்திருந்தே வென்றார். மக்களின் தீர்ப்புக்கு ஆட்பட வேண்டியவர்களே அத்தீர்ப்பின் காலத்தையும் நிர்ணயித்த அநியாயத்தை இன்றும் என் மனம் ஏற்க மறுக்கிறது.

1977இல் ஜனங்கள் அவ்வாட்சியை அகற்றினர். ஆயினும் அதே முறை, ஏறத்தாழ 51 விழுக்காடு வாக்குகளுக்கு ஐக்கிய தேசியக் கட்சியிடம் 168இல் 140 ஆசனங்களை ஒப்படைத்தது. 30 விழுக்காட்டளவு வாக்குகள் பெற்ற சுதந்திரக் கட்சிக்கு எட்டே கிட்ட, வடக்கிலும் கிழக்கிலும் வாக்குகள் திரண்டிருந்த தமிழர் விடுதலைக் கூட்டணி 18 பெற்று எதிர்க்கட்சியாயிற்று. 1978ஆம் ஆண்டு யாப்பு, சர்வ வல்லமை வாய்ந்த ஜனாதிபதி பதவியோடு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தையும் கொணர்ந்தது. வாக்குக்கேற்ற ஆசனம் என்ற அந்தக் கடிவாளம் நல்லதுதான். 1982 அக்டோபரில் ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் ஜயவர்த்தனா ஜனாதிபதித் தேர்தலில் பெற்ற 53 விழுக்காடு, புதிய முறையில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையைத் தந்திராது என்பதும் எவர்க்கும் விளங்கிய கணக்கு. ஆதலால் அக்கடிவாளம் பூட்டப்படுமுன்னரே, தம் கட்சி அங்கத்தினரிடம் தேதியிடாத ராஜினாமாக் கடிதங்களை வாங்கிக்கொண்டு, அவர் சர்வசன வாக்கெடுப்பை நடத்தினார். யாழ்ப்பாண மாவட்டம் பெருவாரியாகக் குடத்துக்கே வாக்களித்தது. நாடு முழுமையிலும் 54.66 விழுக்காட்டால் விளக்கு வென்றது.

அடுத்த பொதுத் தேர்தல் 1989 பெப்ரவரியில்தான் நடந்தது. 1977 தேர்தலுக்கு மறுமாதம் பதினெட்டு வயதை எய்திய ஓர் இளைஞன், பாராளுமன்றப் பொதுத் தேர்தலொன்றில் முதன்முறை புள்ளடியிட்டபோது அவனுக்கு இருபத்தொன்பது வயது.