உத்தேச மின் கணக்கீடு

உத்தேச மின் கணக்கீடு என்பது, மின்மானியை நேரில் பார்த்து அளவு எடுக்க இயலாதபோது முந்தைய பயன்பாட்டைக் கொண்டு ஒரு வீட்டின் மின் பயன்பாட்டை மதிப்பிட்டுக் கட்டணம் விதிக்கும் முறை ஆகும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கு எடுப்பது நெடுநாள் வழக்கம். கணக்கீட்டாளர் வீட்டிற்கு வந்து, மின்மானி காட்டும் எண்ணையும் பயன்பாட்டு அலகுகளையும் வெள்ளை அட்டையில் குறிப்பார்.

மின்மானி பழுதடைந்த காலத்திற்கு, அதற்கு முந்தைய நான்கு மாதப் பயன்பாட்டின் சராசரியைக் கொள்ள வேண்டும் என்று 2004 ஆம் ஆண்டின் தமிழ்நாடு மின் வழங்கல் விதித்தொகுப்பு கூறுகிறது. வீடு பூட்டியிருப்பது மற்றொரு காரணம். சேலத்தின் பழைய வணிகப் பகுதியான செவ்வாய்ப்பேட்டை போன்ற இடங்களில் வீடு, கடை, வெள்ளிக் கொலுசுப் பட்டறை ஆகியன நெருங்கி அமைந்துள்ளன. வீட்டார் அனைவரும் பகலில் கடைக்கோ பட்டறைக்கோ சென்றுவிட்டால், உள்ளே இருக்கும் மின்மானியைக் காண இயலாது.

== படிநிலைக் கட்டணத்தின் விளைவு ==

எல்லா அலகுக்கும் ஒரே விலை என்றால் உத்தேசக் கணக்கால் நிலையான இழப்பு இல்லை. இம்முறை குறைத்து மதிப்பிட்டது அடுத்த உண்மை அளவில் சேர்ந்து, கணக்கு நேராகிவிடும். தமிழ்நாட்டில் பயன்பாடு கூடக்கூட அலகின் விலையும் கூடுவதால் அவ்வாறு நேராவதில்லை.

2022 செப்டம்பர் 10 இல் திருத்தப்படும் வரை இருந்த கட்டணத்தில் இது தெளிவாகத் தெரிந்தது. 2016 முதல் முதல் 100 அலகுகள் இலவசம். இரு மாதப் பயன்பாடு 200 அலகுக்குள் இருந்தால் அடுத்த 100 அலகுக்கு அலகொன்றுக்கு ரூ. 1.50. 500 அலகுக்குள் இருந்தால் அதே 100 அலகுக்கு ரூ. 2, அதற்கு மேற்பட்டவற்றுக்கு ரூ. 3. ஆனால் 500 ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரை ரூ. 3.50, 500 வரை ரூ. 4.60, அதற்கு மேல் ரூ. 6.60. எனவே நிலைக் கட்டணம் நீங்கலாக, 500 அலகுக்கு ரூ. 1,100 செலுத்திய குடும்பம் 501 அலகுக்கு ரூ. 1,736.60 செலுத்த வேண்டியிருந்தது.

ஒரு வீட்டில் இரு கணக்குகளிலும் 400 அலகு வீதம் செலவாகியிருந்தால் மொத்தம் ரூ. 1,600 ஆகும். முதல் கணக்கை உத்தேசமாக 200 என்று எழுதி, மீதியை அடுத்த கணக்கில் 600 என்று சேர்த்தால் ரூ. 150, ரூ. 2,390 என ரூ. 2,540 ஆகிவிடும். மின்சாரம் அதே 800 அலகுதான், ரூ. 940 கூடுதல். கணக்கீட்டாளர் சில நாள் தாமதமாக வந்தாலும் இதே இடர் உண்டு. 2022 திருத்தத்தின்போது 500 ஆவது அலகில் இருந்த இந்த ஏற்றம் ரூ. 233 ஆகக் குறைந்ததேயன்றி நீங்கவில்லை.

== 2020 ஊரடங்கு ==

2020 மார்ச்சு 25 முதல் நடப்புக்கு வந்த ஊரடங்கின்போது கணக்கீட்டாளர்கள் வீடுகளுக்குச் செல்லவில்லை. முந்தைய கணக்கின் தொகையையே செலுத்துமாறு தமிழ்நாடு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகம் அறிவித்தது. பின்னர் நான்கு மாத அலகுகளை இரண்டாகப் பகுத்து, ஒவ்வொரு பாதிக்கும் தனித்தனியே கட்டணம் கணித்து, முன்பு செலுத்திய தொகையைக் கழித்தது. இதனை எதிர்த்த பொதுநல வழக்கை 2020 சூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

சமமாகப் பகுப்பது பலருக்கு நன்மையே. உண்மையில் 400, 560 என்று செலவழித்தவருக்கு ரூ. 2,926 க்குப் பதில் ரூ. 2,080 ஆனது. ஆனால் 450, 560 என்று செலவழித்தவருக்கு இரு பாதியும் 505 ஆகி, ரூ. 3,076 ஆக இருக்க வேண்டியது ரூ. 3,526 ஆனது. கோடையில் வீட்டிலேயே அடைந்திருந்தோர்க்குப் பயன்பாடும் கூடியதால், எது கணக்கின் பிழை, எது மின்விசிறியின் செலவு என்று பிரித்தறிவது எளிதாக இருக்கவில்லை. 2021 மே மாதத்தில், மின்மானியின் எண்ணை நுகர்வோரே படம் எடுத்து அனுப்ப இடமளிக்கப்பட்டது.

== எரிவாயு ==

பிரித்தானியாவில் இதே சிக்கல் குழாய் எரிவாயுவில் அறியப்பட்டதாகும். அங்கு மானி கன அளவைக் காட்டும். பட்டியலோ கிலோவாட் மணியில் வரும். கன மீட்டரை 1.02264 ஆலும் எரிவாயுவின் வெப்ப மதிப்பாலும் பெருக்கி 3.6 ஆல் வகுக்க வேண்டும் என்பதால் பலர் சரிபார்ப்பதில்லை. விடுபட்ட பயன்பாட்டிற்காக 12 மாதங்களுக்கு முந்தைய காலத்திற்கு வீட்டு நுகர்வோரிடம் பணம் கேட்கக்கூடாது என்ற விதி 2018 இல் அங்கு வந்தது.

== முறையீடு ==

இந்தியாவில் 2003 ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், பிரிவு 56(2), நிலுவையை வசூலிக்க இரண்டு ஆண்டு வரம்பு விதிக்கிறது. எனினும் தவறு பின்னர் கண்டறியப்பட்டால் கூடுதல் பட்டியல் அனுப்பலாம், அதற்காக இணைப்பைத் துண்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. நுகர்வோர் முதலில் தம் வட்டத்தின் மின் நுகர்வோர் குறைதீர் மன்றத்தையும், பின்னர் மின்குறை தீர்ப்பாளரையும் அணுகலாம். அப்போது வெள்ளை அட்டையின் பதிவுகளும், தேதியுடன் எடுத்த மின்மானியின் படமும் சான்றாக உதவும்.