டெஸ்ஸாரின் முதலெழுத்து

என்னிடமுள்ள பழைய 50 மில்லிமீட்டர் லென்ஸின் முகப்பு வளையத்தில் "அவுஸ் யேனா டி 2,8/50" என்று பொறித்திருக்கிறது. அவுஸ் யேனா என்றால் யேனாவிலிருந்து வந்தது. செய்தவர் பெயரைக் காணோம். 'டி' என்பது டெஸ்ஸார் என்ற லென்ஸ் வகையின் முதலெழுத்து.

யேனா, ஜெர்மனியில் கார்ல் சைஸ் 1846-இல் பட்டறை போட்ட ஊர். பால் ருடால்ஃப் 1902-இல் அங்கேதான் டெஸ்ஸாரை வடிவமைத்தார். மொத்தம் நான்கே கண்ணாடிகள். பின்னால் உள்ள இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டியவை. விளிம்புவரை துல்லியம் காட்டியதால் 'கழுகுக்கண்' என்று விளம்பரம் செய்தார்கள்.

1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை யேனாவைப் பிடித்தது. ஊர் சோவியத் கைக்குப் போகவிருந்ததால், கிளம்பும்போது சைஸ் தொழிற்சாலையின் முக்கிய நிபுணர்களை மேற்கே கூட்டிப்போனது. அவர்கள் அங்கே ஓபர்கோக்கன் என்ற ஊரில் புதுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். யேனாவின் இயந்திரங்களில் பெரும்பகுதியை சோவியத் ஒன்றியம் கழற்றிக்கொண்டு போனது. ஆனாலும் யேனாவில் மிஞ்சிய தொழிலாளிகள் மறுபடி கண்ணாடி தேய்க்க உட்கார்ந்தார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

'கார்ல் சைஸ்' என்ற பெயர் யாருக்கு என்று இரு தரப்பும் நாட்டுக்கு நாடு வழக்காடின. 1971-இல் லண்டனில் உடன்பாடு வந்தது. மேற்கு ஜெர்மனி, அமெரிக்கா போன்ற சந்தைகளில் 'கார்ல் சைஸ்' ஓபர்கோக்கனுக்கு. கிழக்கு நாடுகளில் அது யேனாவுக்கு. அங்கே விற்க ஓபர்கோக்கன் 'ஓப்டன்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. யேனாவிலோ ஒரே லென்ஸுக்கு இரண்டு வளையங்கள். உள்ளூரில் 'கார்ல் சைஸ் யேனா டெஸ்ஸார்' என்று முழுப்பெயர்; அந்தப் பெயருக்குத் தடையுள்ள நாட்டுக்கு வெறும் 'டி'. சொன்னார் லென்ஸுக்கு 'எஸ்', பயோட்டார் லென்ஸுக்கு 'பி'.

1991-இல் இரண்டு சைஸும் ஒன்றாகின. ஆனால் ஏற்றுமதியான வளையங்களை யாரும் மாற்றப்போவதில்லை. பெயர் இல்லையே, போலியோ என்று ஒதுக்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வேன்: முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள். துளையை நன்றாகச் சுருக்கி, லென்ஸைக் கவிழ்த்து, டியூப்லைட்டுக்குக் கீழே பின்பக்கத்தை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். விளக்கின் பிம்பம் இரண்டு பளிச்சென்று விழும். இடையே மூன்றாவது ஒன்று மங்கலாக, இருக்கிறதா இல்லையா என்பதுபோலத் தெரியும். அது இரண்டு கண்ணாடிகள் ஒட்டிய இடம்.