கண்ணாடியைப் பிடித்திருந்த ரப்பர்

போன அக்டோபரில் அப்பாவின் பழைய காரை எடுத்துக்கொண்டு பெங்களூரிலிருந்து ஓசூர் திரும்பினேன். அத்திப்பள்ளியில் பிடித்த மழை, ஜூஜுவாடி வருவதற்குள் என் வலது ஷூவை நனைத்துவிட்டது. முந்தின வருஷம் முன்கண்ணாடியைச் சுற்றியிருந்த குரோம் பீடிங் கழன்று வந்தபோது, நானே சிலிக்கான் வைத்து ஒட்டியிருந்தேன். ஏன் ஒழுகுது என்று தேடப் போய்க் கிடைத்தது ஒரு சின்ன வரலாறு.

அம்பாசடர் (1958–2014), பத்மினி தலைமுறைக் கார்களில் கண்ணாடியை ஒட்டமாட்டார்கள். ரப்பரில் உட்கார வைப்பார்கள். ரப்பரில் இரண்டு பள்ளம்: ஒன்றில் பாடியின் தகர விளிம்பு, இன்னொன்றில் கண்ணாடி. பல மாடல்களில் மூன்றாவதாக ஒரு பள்ளம் உண்டு. அதில் பீடிங்கை அழுத்தி ஏற்றினால் ரப்பர் விரிந்து இரண்டு பக்கமும் இறுகும். நாம் அலங்காரம் என்று நினைப்பதுதான் அங்கே பூட்டு!

இந்த முறைக்கு நம்ம பக்கத்தில் இன்னொரு காரணமும் இருந்தது. 1980-ல் ஓசூரில் அசோக் லேலண்ட் ஆலை வந்த காலத்தில், பல லாரிகள் கேபின் இல்லாமல்தான் விற்பனைக்குப் போகும். கேபினைக் கட்டியது நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகள். கையால் வெட்டிய சட்டம் நூல் பிடித்த மாதிரி இருக்காது. அந்த வித்தியாசத்தை ரப்பர் பொறுத்துக்கொள்ளும்.

வெளிநாட்டில் கதை முன்னாடியே மாறியது. விபத்தில் கண்ணாடி கழன்று விழக்கூடாது என்று அமெரிக்காவில் 1970-ல் விதி வந்தது. 1982-ல் வந்த ஆடி 100, கண்ணாடியைப் பாடியோடு சமதளமாகப் பொருத்திக் காட்டியது. இன்று முன்கண்ணாடி யூரித்தேன் பசையில் நிற்கிறது. கூரைக்கே அது ஒரு பலம். அங்கே பீடிங் கழன்றால் பெரும்பாலும் அழகுதான் கெடும்.

நான் செய்த தப்பு, பழைய பூட்டைப் பசை என்று நினைத்தது. வினிகர் வாசனை வரும் சாதா சிலிக்கான் ஆறும்போது அசிட்டிக் அமிலத்தை விடும். பெயிண்ட் போன தகரத்தில் அது துருவைக் கூட்டும். உள்ளே போன தண்ணீர் வெளியேறவும் வழியில்லை.

ஜே.சி. ரோட்டில் புது ரப்பர் கிடைத்தது. கண்ணாடியைக் கழற்றினால் கீழ் மூலையில் விரல் அகலத்துக்குத் துரு. சுரண்டி, பிரைமர், பெயிண்ட் அடித்துக் காய விட்டோம். ரப்பரைக் கண்ணாடியில் மாட்டி, தகரப் பள்ளத்தில் நைலான் கயிறு சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியிலிருந்து ஒருவர் அழுத்த உள்ளிருந்து கயிற்றை உருவினார் மெக்கானிக். பீடிங் கடைசியில்.

அப்புறம் டெஸ்டிங். ஹோஸை மெல்லத் திறந்து கீழிருந்து மேலே போக வேண்டும். மேலிருந்து ஊற்றினால் தண்ணீர் எங்கேயோ நுழைந்து எங்கேயோ சொட்டும். நம்ம கோடில் வரும் பக் மாதிரிதான். உள்ளே டார்ச்சோடு உட்கார்ந்திருந்தார் அப்பா. பத்து நிமிஷம் கழித்துக் கதவைத் திறந்து, "காஞ்சுதான்டா இருக்கு" என்றார்.