ஜப்பான்காரன் காலமும் விதை நெல்லும்



நம் ஊர்ப் பெயரை என்றைக்காவது யோசித்துப் பார்த்ததுண்டா? 'ஜெலாப்பாங்' என்றால் மலாய்மொழியில் நெற்களஞ்சியம். கெடாவை நாட்டின் 'ஜெலாப்பாங் பாடி' என்பார்கள். அந்தக் களஞ்சியமே நமக்கு எட்டாமல் போன காலம் ஒன்று உண்டு.

போருக்கு முன் மலாயா சாப்பிட்ட அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்தது. ரப்பரையும் ஈயத்தையும் விற்றால் அரிசி தானே வரும் என்று இருந்துவிட்டார்கள். 1941 டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். அந்த மாதம் முடியுமுன் ஈப்போ அவர்கள் கையில்! அரிசி வரத்து சுருங்கியது. 1943-இல் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு நான்கையும் ஜப்பான் சயாமிடம் ஒப்படைத்தது. இருந்த களஞ்சியமும் போயிற்று.

உள்ளூர் நெல் வருடத்துக்கு ஒரு போகம்தான். ஆகவே, அப்போது ஜப்பானின் ஆட்சியிலிருந்த தைவானிலிருந்து 'பெபிபுன்' போன்ற குறுகிய கால விதை நெல்லைத் தருவித்து, இரண்டு போகம் விளைவிக்கப் பார்த்தார்கள். விதை மட்டும் வந்தால் போதுமா? தண்ணீர் வேண்டாமா? விளைந்ததைச் சொற்ப விலைக்கு எடுத்துக்கொண்டால் எவன் மனசு வைத்து நடுவான்? திட்டம் நினைத்தபடி பலிக்கவில்லை.

தோட்டங்களில் நம்மவரைக் காப்பாற்றியது மரவள்ளி. அதற்குக் கப்பல் வேண்டாம், விதைக்கடை வேண்டாம். ஒரு சாண் குச்சியை ஒடித்து ஊன்றினால் போதும். பக்கத்து வீட்டுக்கும் நாலு குச்சி கொடுக்கலாம். வயிறு ரொம்பியது, உடம்புக்குச் சத்துத்தான் இல்லை. சயாம் ரயில் பாதைக்குப் போனவர்களில் ஆயிரமாயிரம் பேர் திரும்பவே இல்லை.

போர் முடிந்தும் அந்தப் பாடம் மறக்கவில்லை. நம் நாட்டு மாயாங் எபோஸ் நெல்லையும் தைவானின் தைச்சுங் 65 நெல்லையும் இந்தியாவின் கட்டாக் நகரில் ஒட்டுச் சேர்த்தார்கள். அதில் பிறந்த 'மசூரி' 1965-இல் நம் வயல்களுக்கு வந்தது. தஞ்சாவூர் உழவர்கள் கொண்டாடிய ஆடுதுறை 27-உம் அதே ஒட்டுத் திட்டத்தின் பிள்ளைதான். 1970-இல் மூடா நீர்ப்பாசனம் திறக்கப்பட, கெடாவில் இரண்டு போகம் கைகூடியது.

இன்றும் நாம் உண்ணும் அரிசியில் ஒரு பங்கு வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. விதை, தண்ணீர், உழைத்தவனுக்கு நியாயமான விலை, இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் உலை கொதிக்காது. மாணவச் செல்வங்களே, வீட்டுப் பெரியவர்களிடம் அந்தக் காலத்தைக் கேட்டு எழுதி வையுங்கள். வீட்டோரத்தில் இரண்டு மரவள்ளிக் குச்சியாவது ஊன்றி வையுங்கள்.