காட்சி முந்தியதா, ஒழுக்கம் முந்தியதா?

சமய நம்பிக்கை இல்லாதவனிடம் ஒழுக்கம் நிலைக்குமா என்னும் வினா இன்று நம் இல்லங்களிலேயே எழுகின்றது. மறுபிறப்பில் நம்பிக்கை இல்லாதபோது புலால் மறுப்பும் இரவுண்ணாமையும் எதற்கு என்று படித்த இளைஞர் கேட்கின்றனர். அவர்களை அதட்டி அமர்த்துதல் எளிது. ஆயின் இவ்வினா தமிழ்ச் சமணர்க்குப் புதியதன்று. நம் நூல்களுள் இதற்கு விடை தேட இடம் உண்டு.

உலகைப் படைத்துக் காத்து அழிக்கும் இறைவன் ஒருவன் உளன் என்பதைச் சமணம் ஏற்பதில்லை. அருகப் பெருமானை வணங்குகின்றோம். அவர் நமக்கு வரம் தருவதுமில்லை, நம் குற்றத்திற்குத் தண்டம் விதிப்பதுமில்லை. அவரவர் வினையின் பயன் அவரவர்க்கே. இத்தகைய சமயமே கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை விழையாமை, பொருள் வரைதல் என்னும் ஐந்து அணுவிரதங்களை இல்லறத்தார்க்கு வகுத்தது. ஆகவே, தெய்வத்திற்கு அஞ்சினாலன்றி ஒழுக்கம் இல்லை என்னும் கூற்றை நம் சமய வரலாறே மறுக்கின்றது.

அதனால் நம்பிக்கையே வேண்டா என்று நம் முன்னோர் கூறினார் என்று கொள்ளுதலும் பிழையாகும். நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளுள் நற்காட்சியே முதற்கண் வைக்கப்பட்டது. இல்லறத்தார் ஒழுக்கம் கூறும் அருங்கலச்செப்பும் இம்முறையையே பின்பற்றுகின்றது. நற்காட்சி இல்லாத ஒழுக்கம் வீடுபேற்றுக்கு வழியாகாது என்பது நம் ஆசிரியர் துணிபு. அவ்வாறாயின், நற்காட்சி வாய்க்கும்வரை ஒருவன் ஒழுக்கத்தைத் தள்ளிவைக்கலாமோ?

இவ்விடத்தில் நீலகேசி துணை செய்கின்றது. ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய இந்நூலைச் சமயதிவாகர வாமன முனிவர் உரையுடன் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி 1936-இல் பதிப்பித்தார். அரசி மகவு ஈன்றமையால், காளிக்கு உயிர்ப்பலி கொடுக்க மக்கள் ஆடுகளைக் கொணர்கின்றனர். அங்கிருந்த முனிச்சந்திரர் அவர்களைத் தடுக்கின்றார். காளியைக் கைவிடுமாறு அவர் கேட்கவில்லை. அருகனை வணங்கிய பின்னரே கொல்லாமை என்றும் கூறவில்லை. மண்ணால் ஆட்டுருச் செய்து படைத்தால் போதும் என்கின்றார். மக்கள் தம் வழிபாட்டோடு திரும்புகின்றனர். ஆடுகளும் உயிரோடு திரும்புகின்றன. முனிவர் முதலில் மாற்றியது அவர்தம் நம்பிக்கையை அன்று, செயலை.

அவரை அச்சுறுத்த வந்த பழையனூர் நீலியும் தோற்றுத் திருந்திக் கொல்லாமையை மேற்கொள்கின்றாள். வாதப்போர்கள் எல்லாம் அதற்குப் பின்னரே நிகழ்கின்றன. நூலின் இறுதிச் சருக்கம் பூதவாதம். ஐம்பூதங்களின் சேர்க்கையே அறிவு, தனியே உயிர் இல்லை என்பவனோடு நீலகேசி அங்கே வாதிடுகின்றாள். உயிரையும் வினையையும் மறுக்கும் கொள்கையை நம் புலவர் புறக்கணிக்கவில்லை. அதனை அவைக்கு அழைத்து, உரிய இருக்கை தந்து, காரணம் காட்டி மறுத்தனர். ஐயுற்றுக் கேட்கும் இளைஞர்க்கும் நாம் அத்தகைய இருக்கையைத் தரவேண்டாவோ?

நாலடியாரின் வரலாறும் இதனையே காட்டுகின்றது. சமண முனிவர் பாடியது என மரபு கூறும் அந்நூலைப் பிற சமயத்தாரும் தலைமுறை தலைமுறையாகக் கற்றனர். கிறித்தவப் போதகராகிய ஜி. யு. போப் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்து 1893-இல் வெளியிட்டார். அவர் சமணர் ஆகவில்லை. ஆயினும் அந்நூலின் அறம் அவர்க்கும் விளங்கிற்று.

மறுபுறத்தையும் நோக்குதல் வேண்டும். பிறப்பால் சமணராய், நாள்தோறும் கோயில் வலம் வந்து, வாணிகத்தில் நிறை குறைப்பவனை என்னென்பது? கொள்ளும்போது ஓர் அளவையும் கொடுக்கும்போது மற்றோர் அளவையும் கையாளுதலைக் கள்ளாமை விரதத்தின் குற்றங்களுள் ஒன்றாகவே நம் நூல்கள் எண்ணுகின்றன. நம்பிக்கை உடையவனும் தவறுவான் என்று அறிந்தமையாலன்றோ விரதங்களோடு அவற்றின் குற்றங்களையும் விரித்துரைத்தனர்!

ஆகவே, வீடுபேறு நாடுவார்க்குக் காட்சியே முந்தியது, அதில் ஐயமில்லை. ஆனால் கத்தியின் முன் நிற்கும் ஆட்டுக்கு, ஒருவன் கொள்கை தெளியும்வரை காத்திருக்க நேரமில்லை. எனக்கு நோவு இனிதன்று, பிற உயிர்க்கும் அஃது இனிதன்று என உணர்வதற்கு மறுபிறப்பில் நம்பிக்கை வேண்டுவதில்லை. அவ்வுணர்வினின்று தொடங்கும் இளைஞனை நாம் புறத்தே நிறுத்தலாகாது. அவன் கையில் இன்று இருப்பது மண்ணால் செய்த ஆடாகவே இருக்கட்டும். முனிச்சந்திரர் அதனைக் குறைவென்று கருதவில்லை. எஞ்சியதைக் கேள்வியும் கல்வியும் நல்லோர் கூட்டமும் அவனுக்குக் காலப்போக்கில் நல்கும்.